விட்டுவிட்டு ஓடியவர் எல்லாரும் மோசடிக்காரரா?

சட்டத்தரணியாகக் கறுப்பு அங்கியை அண்மையில் போட்டுக்கொண்ட உங்களில் ஒருவர் போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, 'இந்தச் சட்டம் தெளிவில்லை, அதனாலை செல்லாது' எண்டு எதிர்த்தரப்பு மனுப் போட்டிருக்கு. நான் என்ன செய்யிறது?" பழைய தீர்ப்புகளைக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தார். என்னைவிட நன்றாகவே வாசித்திருந்தார். அவருடைய குரலில் இருந்தது பயம்.

அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. அரசு தரப்புச் சட்டத்தரணியாக நான் வேலை செய்த கடைசி வருடங்களில், ஒரு வழக்கில், மாதக்கணக்காக அது என்னோடு ஒரே வீட்டில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் பக்கத்துக் கதிரையில் உட்காரும். அந்த வழக்கைத்தான் இங்கே சொல்கிறேன். சட்டப்பிரிவு இலக்கங்களை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்கள் எங்கேயும் தேடி எடுக்கலாம். அந்த வழக்கில் ஒரு மத்தியானம் நான் பட்ட பாட்டை எந்தப் புத்தகத்திலும் எடுக்க முடியாது.

எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரை ரஞ்சன் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்தார். வீடுகளின் அத்திவாரத்தை ஒப்பந்தம் பேசித் திருத்திக் கொடுக்கிற கொந்தராத்துக்காரர். மொன்றியலில் பழைய வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும், நிலவறைச் சுவரில் வெடிப்பு விழுந்தால் பனி உருகும் காலத்தில் தண்ணீர் உள்ளே வரும். அதைத் திருத்த வீட்டுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகக் கிடங்கு வெட்டவேண்டும். வெடிப்பை அடைத்து, தண்ணீர் புகாத தாள் ஒட்டி, பிறகு மண்ணைத் திரும்பப் போட்டு மூடவேண்டும். கிடங்கு திறந்து கிடக்கிற அத்தனை நாளும் அந்த வீடு ஒரு பக்கம் அம்மணமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சன் மூன்று வீடுகளில் கிடங்கு வெட்டிவிட்டு, திரும்பி வரவில்லை. அதனால் அவர்மேல் மூன்று குற்றச்சாட்டுகள். முதலாவது வீடு ரொக்ஸ்பரோவில், வதனி என்ற பெண்ணுடையது. இரண்டாவது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தனியாக இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவருடையது. மூன்றாவது, தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்து குடியேறிய ஓர் இளம் தம்பதியுடையது.

மூவரிலும் வதனிக்கு நடந்ததுதான் மோசம். அவர் ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தார். கணவர் தவம் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிப் போகிற பாரவண்டி ஓட்டினார். ரஞ்சன் வெட்டிய கிடங்கு இலையுதிர் காலம் முழுக்கத் திறந்தபடி கிடந்தது. பிறகு பனி அதை மூடியது. பனி உருகியபோது சுவர் உள்ளே வயிறு தள்ளத் தொடங்கியது. வேறு ஆள் பிடிக்க அலைந்தார்கள், அந்தப் பருவத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தவம் கீழே இறங்கி மரக்குற்றிகளை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவர் அவர்மேல் சரிந்தது. கால் தப்பியது என்றுதான் வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் பாரவண்டியின் மிதிகளை அழுத்துகிற கால் இல்லை அது இப்போது.

வதனி முதன்முதலில் என் அறைக்கு வந்தபோது குளிரங்கியைக் கழற்றவே இல்லை. "அக்கா, அவர் எங்களோடை கோயில்லை கண்டு கதைக்கிற மனுசன். ரஞ்சன் அண்ணை, ரஞ்சன் அண்ணை எண்டுதான் நாங்கள் கூப்பிடுறனாங்கள். கிடங்கை வெட்டிப்போட்டு போனை நிப்பாட்டிப்போட்டார். ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடிப்போட்டுப் போயிருக்கலாமே?" என்றார். நான் குறிப்பு எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

விசாரணை தொடங்க முன்பே எதிர்த்தரப்பு, சட்டம் செல்லாது என்கிற அந்த மனுவைப் போட்டது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்கள் வயதுதான் இருப்பார். கெட்டிக்காரர். ரஞ்சன்மேல் போட்டிருந்த சட்ட விதி, வீடு திருத்தும் வேலையை எடுத்து அதை 'நேர்மையற்ற முறையில் கைவிடும்' கொந்தராத்துக்காரரைத் தண்டிக்கிற விதி. சிறைக்கும் அனுப்பலாம். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். நேர்மையற்ற முறையில் கைவிடுதல் என்றால் என்ன? நோய் வருத்தம் வந்து படுத்தவரும் கைவிடுகிறார். கணக்குப் பிழைத்தவரும் கைவிடுகிறார். ஏமாற்றுக்காரரும் கைவிடுகிறார். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று சட்டம் சொல்லவில்லை. அப்படியானால் அது பொலிஸ்காரரின் மனம்போல நடக்கிறது. எது குற்றம் என்று முன்கூட்டியே அறிய முடியாத ஒரு சட்டத்தால் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவது கனடாவின் உரிமைகள் சாசனத்துக்கு மாறானது. ஆகவே விதி செல்லாது.

இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காதீர்கள். மனுவை வாசித்த அன்று நான் சிரிக்கவில்லை. சட்டம் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துச் சொல்லவேண்டியதில்லை, நீதிமன்றில் நின்று வாதாட ஒரு பிடி இருந்தால் போதும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிடியை நாம்தான் எடுத்துக் காட்டவேண்டும். காட்டத் தவறினால் மூன்று வீட்டாரும் வெறுங்கையோடு போவார்கள். அவர்கள் மட்டுமல்ல. இதே விதியின் கீழ் எங்கள் அலுவலகத்தில் இன்னும் எத்தனையோ கோப்புகள் இந்தத் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு திறந்த கிடங்கோ பிரித்த கூரையோ. நடைவழியில் என்னைக் காண்கிற சக சட்டத்தரணிகள் வணக்கத்துக்குப் பதிலாக "அந்த மனு எப்போது?" என்று கேட்டார்கள்.

மனு விசாரணைக்கு எடுக்கப்பட்ட நாள் காலையிலேயே எங்களுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. வழக்கு பிரெஞ்சில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். விசாரணை செய்த பொலிஸ் அதிகாரியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, வேலையை இடையில் விட்ட கொந்தராத்துக்காரர்கள் பற்றி உங்களுக்கு நிறைய முறைப்பாடுகள் வரும், அல்லவா?"

"வரும்."

"எல்லார்மேலும் இந்தக் குற்றச்சாட்டைப் போடுகிறீர்களா?"

"இல்லை. சிலது வெறும் கொந்தராத்துத் தகராறு. அவற்றைச் சிவில் நீதிமன்றுக்குப் போகச் சொல்வோம்."

"எது தகராறு, எது குற்றம் என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?"

அதிகாரி நல்ல மனிதர். வதனி வீட்டுச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருட அனுபவத்தில், பார்த்தால் தெரிந்துவிடும்."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேறு ஒன்றும் கேட்கவில்லை. "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதைத்தானே அவர்கள் மனு முழுக்கச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு சாட்சியைக் கூப்பிட்டார்கள். ஹெயிட்டியிலிருந்து வந்த நடுவயதுக்காரர், ரஞ்சனிடம் வேலை செய்தவர். அவரைப் பற்றி எங்கள் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. எதிர்த்தரப்பே அவரைச் சில நாட்களுக்கு முன்புதான் கண்டுபிடித்ததாம்.

அவர் சொன்னது இதுதான். ரொக்ஸ்பரோ வீட்டுக்கு ரஞ்சன் நான்கைந்து வேலையாட்களோடு போனார். தாள், சல்லிக்கல், குழாய் எல்லாம் முற்றத்தில் இறக்கியாகிவிட்டது. கிடங்கு வெட்டி முடிகிற நேரம் ஒரு பக்க மண் சரிந்தது. இவர் நெஞ்சுவரை புதைந்தார். மூச்சு எடுக்க முடியவில்லை. மற்றவர்கள் மேலே நின்று கத்தினார்கள். ரஞ்சன் உள்ளே குதித்து, மண்வெட்டி பட்டுவிடும் என்று கையாலேயே மண்ணைத் தோண்டி இவரை வெளியே எடுத்தார்.

"வீட்டுக்காரர் அப்போது அங்கே இருந்தார்களா?" என்று நான் என் முறை வந்தபோது கேட்டேன்.

"இல்லை. இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள்."

"அம்புலன்ஸைக் கூப்பிட்டீர்களா?"

"நான்தான் வேண்டாம் என்று கெஞ்சினேன். அப்போது எனக்கு இந்த நாட்டில் இருக்கப் பத்திரம் இல்லை. ரஞ்சன் தன் வானில் ஏற்றி ஒரு தெரிந்த வைத்தியரிடம் கொண்டுபோனார். விலா எலும்பு முறிந்திருந்தது."

"பிறகு அவர் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாரா?"

"அடுத்த நாள் போனார். நானும் வானில் இருந்தேன். மற்ற ஆட்கள் கிடங்குக்குள் இறங்கமாட்டோம் என்று போய்விட்டார்கள். அவர் விளிம்பில் நின்றார். கால் நடுங்கிக்கொண்டு நின்றது. இறங்கவில்லை. திரும்பி வந்து வானில் ஏறினார். பிறகு அந்த வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை."

நான் உட்கார்ந்தேன். எதிரிக் கூட்டில் ரஞ்சன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பொதுமக்கள் இருக்கையில் வதனியும் தவமும் இருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அரசியலமைப்பு விடயங்களுக்காக வேறு பிரிவிலிருந்து ஒரு சட்டத்தரணி எனக்குப் பக்கத்தில் வந்திருந்தார். பழைய தீர்ப்புகளை எல்லாம் அழகாக எடுத்துச் சொன்னார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குற்றச்சாட்டுகளை நடத்துகிறவர் நீங்கள்தானே?"

"ஓம், நீதிபதி அவர்களே."

"எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். வேலையைக் கைவிட்ட ஒரு கொந்தராத்துக்காரரை எனக்குக் காட்டுங்கள். வீட்டுக்காரருக்குப் பெரிய நட்டம். ஆனாலும் இந்த விதியின்படி அவர் குற்றவாளி இல்லை. அப்படி ஒருவரை உங்களால் காட்ட முடிந்தால் 'நேர்மையற்ற' என்ற இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை, ஒரு விளிம்பு இருக்கிறது. முடியாவிட்டால்..." என்று நிறுத்தி, மணிக்கூட்டைப் பார்த்தார். "சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்."

பக்கத்துச் சட்டத்தரணிக்கு முகம் மலர்ந்தது. நடைவழிக்கு வந்ததும், "லேசான கேள்வி" என்றார். "மாரடைப்பு வந்த கொந்தராத்துக்காரர் என்று சொல்லுங்கள். முடிந்தது."

சொல்லலாம். ஆனால் நான் நீதிபதியின் கதிரையில் இருந்தால் அடுத்ததாக என்ன கேட்பேன் என்று யோசித்தேன். மாரடைப்பு சரி, பயம்? பயந்து ஓடியவர் எந்தப் பக்கம்? அதைக் கேட்டுவிட்டு அவர் முதலாவது குற்றச்சாட்டைப் பார்ப்பார். பயந்து ஓடியவரும் மோசடிக்காரர்தான் என்று நான் சொன்னால், கைவிட்ட எல்லாரும் மோசடிக்காரர் ஆகிவிடுகிறார்கள், சொல்லுக்கு விளிம்பே இல்லை. இல்லை என்று சொன்னால், பிறகு எதற்கு இந்த மனிதனைக் கூட்டில் ஏற்றியிருக்கிறாய் என்ற கேள்வி வரும்.

கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். மற்ற இரண்டு வீடுகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ரொக்ஸ்பரோ விபத்துக்குப் பிறகுதான் ரஞ்சன் அந்த இரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறார். அப்போது அவரிடம் ஆட்கள் இல்லை. தாள் வாங்கவில்லை. யாரோ ஒருவரின் இயந்திரத்தை அரை நாள் இரவல் வாங்கி வெட்டிவிட்டு, "சாமான் வந்துகொண்டிருக்கு" என்று சொல்லிக் கிழவரிடமும் இளம் தம்பதியிடமும் முற்பணம் வாங்கினார். வராது என்று அவருக்கு அப்போதே தெரியும். அது மோசடி. அதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இருக்கவில்லை.

ரொக்ஸ்பரோவில் அவர் வெட்டியபோது செய்து முடிக்கத்தான் வெட்டினார். பிறகு கோழையாக ஓடினார். சொல்லாமல் ஓடினார். மூடாமல் ஓடினார். ஒரு மனிதனின் காலைக் கெடுத்தார். ஆனால் ஏமாற்றவில்லை.

நீதிபதி கேட்ட ஆள் என் கோப்புக்குள்ளேயே இருந்தார்.

என் மேலதிகாரியை அழைத்தேன். முழுக்கக் கேட்காமலேயே அவர் குரல் உயர்ந்தது. "ஒன்றையும் விடாதே. நடுவில் ஒரு குற்றச்சாட்டை விட்டால், நாங்களே குழம்பிப்போயிருக்கிறோம் என்றுதான் அவர்கள் சொல்லுவார்கள். மாரடைப்புக் கதையைச் சொல், உட்கார்."

"நான் நம்பாத ஒரு குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு எழும்பி நிற்க என்னால் முடியாது" என்றேன்.

"விதி விழுந்தால்?"

"அதைத்தான் காலையிலிருந்து யோசிக்கிறேன்."

"அங்கே நிற்பது நீதான்" என்றார் கடைசியில். "நாளைக்கு எல்லாரும் வந்து கேட்கப்போவதும் உன்னைத்தான்." துண்டித்துவிட்டார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் குற்றச்சாட்டை விட்டால் விதி தப்பும் என்று எனக்கு ஓர் உறுதியும் இருக்கவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "பாருங்கள், அரசுக்கே இன்று மத்தியானம்தான் விளங்கியிருக்கிறது, ஒரு கொந்தராத்துக்காரருக்கு எப்படி விளங்கும்?" என்று கேட்டால் என்ன செய்வது? அந்த வாக்கியம் அவருடைய குரலிலேயே என் காதில் கேட்டது. இந்த மாதிரி நேரங்களில் இரண்டு பக்கமும் பயம்தான் இருக்கும், போன கிழமை கூப்பிட்ட தங்கச்சி. பயமில்லாத பக்கத்தைத் தேடிக்கொண்டு நிற்காதே. எதைச் சொன்னால் பொய் சொல்லவேண்டி வராது என்று மட்டும் பார்.

நேரம் கொஞ்சம்தான் இருந்தது. நீதிபதியிடம் சொல்ல முன்பு வதனியிடம் சொல்லவேண்டும். நாற்பது பேர் இருக்கிற மண்டபத்தில், மொழி பாதி விளங்கியும் விளங்காமலும், தன் வழக்கு போய்விட்டது என்று அவர் கேட்கக்கூடாது.

அவர்கள் நடைவழியின் கோடியில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. தவம் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இடியப்பத்தை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. நான் வருவதைக் கண்டதும் வதனி எழும்பி நின்றார்.

"இருங்கோ" என்று சொல்லி நானும் பக்கத்தில் இருந்தேன். "வதனி, உங்கடை வீட்டுக் குற்றச்சாட்டை நான் இப்ப மீளப் பெறப்போறன். நீதிபதிக்குச் சொல்ல முதல் உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு வந்தனான்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"அப்ப எங்கடை சுவர் விழுந்தது பொய்யே?"

"இல்லை."

"இவரின்ரை கால் போனது பொய்யே?"

"இல்லை."

"அவர் ஓடினது?"

"ஓடினவர்தான்."

"பிறகு என்ன, அக்கா?"

"அவர் செய்தது பிழை. பெரிய பிழை. ஆனா நான் சாட்டியிருக்கிற குற்றம் ஏமாத்தினது. காலமை அந்த மனுசன் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள். ஒண்டு கேக்கிறன், வேலைக்கு வந்த அண்டைக்கு ரஞ்சன் உங்களை ஏமாத்த வந்தவர் எண்டு நினைக்கிறியளே?"

நடைவழியில் யாரோ ஒருவர் பிரெஞ்சில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார். தவம்தான் முதலில் வாய் திறந்தார்.

"சொல்லுமன், உள்ளதை."

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் வதனி. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை எடுத்து அழுத்தினார். அது பொருந்தவில்லை. திரும்பவும் அழுத்தினார். "இல்லை" என்றார், என்னைப் பார்க்காமல். "அண்டைக்கு ஏமாத்த வரேல்லை. சாமான் எல்லாம் கொண்டுவந்து இறக்கினவர். எங்கடை அடுப்படியிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவர்." பிறகு திடீரென்று திரும்பினார். "மற்ற வீடுகளிலை ஒருத்தருக்கும் ஒரு கீறலும் இல்லை. அவையின்ரை வழக்கு நிக்கும். எங்கடை வழக்குப் போகும். உதுதானே?"

"ஓம்."

"உங்களுக்கு உது சரியாப் படுதே?"

"கஷ்டமாப் படுது. ஆனா வேறை மாதிரிச் செய்ய ஏலாது."

"போங்கோ" என்றார். "உங்களுக்கு நேரமாகுது."

எழும்பி நடந்தேன். பைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் நீதிபதி வந்து அமர்ந்ததும் எழும்பினேன். முதலாவது குற்றச்சாட்டை மீளப் பெறுகிறேன் என்று சொன்னேன். மண்டபம் அசைந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கேட்ட கேள்விக்காகவா?"

"இல்லை. காலையில் கேட்ட சாட்சியத்துக்காக. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலும் அதுதான். கைவிட்டவர், வீட்டுக்காரருக்குப் பெரும் நட்டம், இந்த விதியின்படி குற்றவாளி இல்லை. அந்த ஆள் ரொக்ஸ்பரோவில் கிடங்கின் விளிம்பில் நின்ற ரஞ்சன். இரண்டாவது, மூன்றாவது வீடுகளில் அதே ரஞ்சன் தன்னால் முடியாது என்று தெரிந்துகொண்டு வெட்டினார், சாமான் வருகிறது என்று பொய் சொன்னார். ஒரே மனிதர், ஒரே மாதிரிக் கிடங்கு. முன்னையது குற்றமில்லை, பின்னையது குற்றம். கையிலே மண்வெட்டியோடு நின்றபோது அவருக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அதைத்தான் விதி கேட்கிறது."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். நான் எதிர்பார்த்ததையேதான் சொன்னார், என் காதில் கேட்டதைவிட நன்றாகச் சொன்னார்: "மாதக்கணக்காக ஒரு மனிதரின் தலைக்கு மேல் தொங்கிய குற்றச்சாட்டை இன்று சாப்பாட்டு நேரத்தில் எடுக்கிறார்கள். என் மனுவுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்." நீதிபதி அதையும் எழுதினார். தீர்ப்பைப் பிறகு தருவதாகச் சொல்லி எழும்பிப் போனார்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மேலதிகாரி என்னோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கும், அடிக்காவிட்டாலும் அடிக்கும். சென்ட்-ஆன் கிழவர் இடைக்கிடை அழைப்பார். கிடங்குக்கு மேல் பலகை போட்டு வைத்திருக்கிறார், மழை பெய்கிறது, வழக்கு என்ன ஆயிற்று? "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வைப்பேன். விதி விழுந்தால் இந்த மனிதருக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று மெட்ரோவில் நின்றுகொண்டு வசனம் கட்டிப் பார்ப்பேன். ஒரு வசனமும் சரிவராது. ஒருநாள் இறங்கவேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது.

தீர்ப்பு வந்தது. விதி விழாமல் நின்றது. வேலையைக் கையில் எடுக்கும்போதும் விடும்போதும் அந்த ஆளுக்கு உண்மையில் என்ன தெரிந்திருந்தது என்று பார்த்தால் நேர்மையானதையும் நேர்மையற்றதையும் பிரிக்க முடியும், வாதாடுவதற்குப் பிடி இருக்கிறது என்று நீதிபதி எழுதியிருந்தார். பொலிஸின் அனுபவம் அந்தப் பிடி ஆகாது என்று ஒரு வரியில் கடிந்தும் இருந்தார். முதலாவது குற்றச்சாட்டை மீளப் பெற்றதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் எழுதவில்லை. வாசித்து முடித்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். களைப்புத்தான் வந்தது.

பிறகு நடந்த வழக்கில் மற்ற இரண்டு வீடுகளுக்காகவும் ரஞ்சன் குற்றவாளியானார். வதனி வேறு ஒரு சட்டத்தரணியை வைத்துச் சிவில் வழக்குப் போட்டார். அந்த ஹெயிட்டி மனிதர் அங்கேயும் வந்து அதே உண்மையைச் சொன்னார். கிடங்கை மூடாமலும் சொல்லாமலும் விட்டுப் போனது பெரும் கவனயீனம் என்று அங்கே தீர்ப்பானது. ரஞ்சனின் காப்புறுதிப் பணம் சுவரைத் திரும்பக் கட்ட உதவியது. தவத்துக்குத் துறைமுகத்தில் வண்டிகள் உள்ளே வருகிற வாசலில் இருந்து செய்கிற ஒரு வேலை கிடைத்தது. கால் திரும்பக் கிடைக்கவில்லை.

ரஞ்சனுக்குத் தண்டனை சொன்ன நாளில் வதனியும் தவமும் வந்து கடைசி வரிசையில் இருந்தார்கள். அந்த வழக்கில் அவர்களுக்கு இடமில்லை, ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்ததுதானே. நீதிபதி ரஞ்சனிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவர் எழும்பி, கிழவரிடமும் இளம் தம்பதியிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது லிப்டடியில் வதனி தனியாக நின்றார். தவம் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். நான் படியால் இறங்கிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமே?"

"கேளுங்கோ."

"அண்டைக்கு நான், 'ஓம், அவர் எங்களை ஏமாத்தத்தான் வந்தவர்' எண்டு சொல்லியிருந்தா, எங்கடை வழக்கை விட்டிருப்பியளே?"

நீதிமன்றில் என்னிடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல நான் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"விட்டிருப்பன் எண்டுதான் நினைக்கிறன்" என்றேன். "ஆனா அடிச்சுச் சொல்ல ஏலாது, வதனி."

அவர் தலையாட்டினார். "எனக்கு அது வாயிலை வந்தது. இவர் பக்கத்திலை இருந்ததாலைதான் சொல்லேல்லை. நல்ல வேலை செய்தனோ, விசர் வேலை செய்தனோ, இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை."

லிப்ட் வந்து கதவு திறந்தது. தவம் இன்னும் வந்து சேரவில்லை. வதனி ஒரு காலை உள்ளே வைத்துக் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டார். அவர் தடியை ஊன்றி உள்ளே ஏறும்வரை பிடித்திருந்தார். பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

"வாங்கோ" என்றார்.

மூன்று பேரும் கீழே இறங்கினோம்.